பொன்னுருவியின் வாசல்

பொன்னுருவி கர்ணனை நேசித்தாளா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு சென்ற வைகாசியில் ஒருநாள், திருவண்ணாமலைத் தேரடி வீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில், நாங்கள் மூன்று பேர் காலைப் பொழுது முழுவதையும் தீர்த்தோம். முந்தின இரவு தண்டராம்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் 'கர்ண மோட்சம்' பார்த்துவிட்டு விடியற்காலை முதல் பஸ்ஸில் திரும்பியிருந்தோம். கண்ணில் தூக்கம் மணலாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒருவர் கவிதை எழுதுகிறவர். மற்றவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இருவருமே தாங்கள் சொன்னதிலிருந்து கடைசிவரை இறங்கவில்லை. அன்று நான் அதிகம் பேசவில்லை. பேசாமல் விட்டது இத்தனை நாளாக உள்ளே கிடந்து தொந்தரவு செய்கிறது.

கூத்தைப் பார்க்காதவர்களுக்காக: துரோணர் விழுந்த பிறகு கர்ணன் சேனாதிபதி. பதினேழாம் நாள் யுத்தத்துக்குப் புறப்படும் முன் மனைவியிடம் விடைபெற வருகிறான். அவள் முகம் கொடுக்க மறுக்கிறாள். ராஜ குலத்தில் பிறந்து, தேரோட்டி வளர்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிறப்பைச் சொல்லிக் காட்டிப் பேசுகிறாள். கர்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறான். குந்தி பெற்றவன், சூரியனின் மகன், தருமனுக்கு மூத்தவன். அந்த நிமிஷத்திலிருந்து அவள் வேறு பெண். காலில் விழுகிறாள். கெட்ட சொப்பனம் கண்டதைச் சொல்லி, போகவேண்டாம் என்று அழுகிறாள். அவன் போகிறான், சாகிறான். ஜமாவுக்கு ஜமா, வாத்தியாருக்கு வாத்தியார் இந்தக் கட்டம் நீளும், சுருங்கும். நான் பார்த்தவற்றில் எலும்பு இதுதான்.

கவிஞர் சொன்னார்: இது நேசமே இல்லை. குலம் தெரிந்ததும் காலில் விழுகிறவள், குலத்தின் காலில்தான் விழுகிறாள். எதிரே நின்றவன் ஐந்து நிமிஷத்துக்கு முன்பும் அதே மனிதன்தான். அவன் தோளும் குரலும் மாறவில்லை. மாறியது ஒரு தகவல்.

தமிழாசிரியருக்கு இது ரசிக்கவில்லை. அது ஊடல் என்றார். குலமகள் கோபித்துக் கதவடைப்பதும் தலைவன் தணிப்பதும் தொல்காப்பியம் தொட்டு வருகிற மரபு. கூத்து அதைப் பாமர வழக்கில் சொல்கிறது, அவ்வளவே. நேசம் முன்பே இருந்தது, கோபம் அதன்மேல் போர்த்திய திரை.

எனக்கு ஊடல் வாதம் நிற்கும் என்று தோன்றவில்லை. ஊடலில் தலைவன் குற்றம் ஒன்று செய்திருப்பான், பரத்தையிடம் போயிருப்பான், சொன்ன நேரத்தில் வராதிருப்பான். பிறந்தது குற்றமாகிற இடத்தில் ஊடலுக்கு என்ன வேலை? தணிப்பதற்கு வழியே இல்லாத குற்றம் அது, பிறப்பையே மாற்றிச் சொன்னால் ஒழிய. கர்ணன் அதைத்தான் செய்கிறான். கவிஞரின் வாதம் நிற்கிறது. ஆனால் சீக்கிரம் முடிந்துவிடுகிற வாதம் அது. பொன்னுருவி போலி என்று தீர்ப்பெழுதிவிட்டு எழுந்துபோகிறவன் கூத்தின் பாதியைப் பார்க்கவில்லை.

ஹாம்லெட் ஒஃபீலியாவை நிஜமாகவே காதலித்தானா என்று கேட்டு இங்கிலீஷ்காரர்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் காதலித்ததாகச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் இல்லையென்று சொல்கிறான். அவளுடைய குழியருகே நின்றுதான் அந்தக் காதலை உரக்க அறிவிக்கிறான், அவள் கேட்க முடியாதபோது. அங்கே சந்தேகம், சொல்கிறவன் மனசைப் பற்றியது. நம்முடையதில் அந்தச் சிக்கல் இல்லை. பொன்னுருவி மனசில் என்ன இருக்கிறது என்பதில் ஒளிவு மறைவே இல்லை. வெறுப்பையும் சொல்கிறாள், பிரியத்தையும் சொல்கிறாள், இரண்டுக்கும் இடையில் எது வந்தது என்பதும் களரியில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிகிறது. அதனால் கேள்வியை அவளிடமிருந்து நகர்த்திப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வியாச பாரதத்தில் பொன்னுருவி இல்லை. கர்ணனுக்கு மனைவிகள் இருக்கிறார்கள், பெயரில்லாமல். உத்யோக பருவத்தில் தூது முடிந்து திரும்பும் கிருஷ்ணன், கர்ணனைத் தேரில் ஏற்றிக்கொண்டு அவன் பிறப்பைச் சொல்கிறான். பாண்டவர்கள் உன் காலைத் தொடுவார்கள், ராஜ்யம் உனக்கு, முறை வரும்போது திரௌபதியும் உன்னிடம் வருவாள் என்று ஆசை காட்டுகிறான். கர்ணன் மறுக்கிறான். துரியோதனனுக்குப் பட்ட நன்றி என்ற ஒரு காரணத்தைத்தான் நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள். வியாசரின் கர்ணன் முதலில் சொல்வது அதை அல்ல. தன்னைக் கையில் எடுத்த அன்றே ராதைக்குப் பால் சுரந்ததைச் சொல்கிறான். அதிரதன் தனக்குச் செய்த சடங்குகளைச் சொல்கிறான். அவன் கட்டிவைத்த சூத குலப் பெண்களைச் சொல்கிறான். அவர்களிடம் தனக்குப் பிள்ளைகளும் பேரன்களும் உண்டு, தன் மனம் அவர்களிடம் ஆசையால் கட்டுண்டு கிடக்கிறது, பூமி முழுவதும் கிடைத்தாலும் அதை அறுக்க முடியாது என்கிறான். பிறகு ஒரு வேண்டுகோள்: இந்த ரகசியம் நமக்குள் இருக்கட்டும், தருமனுக்குத் தெரிந்தால் அவன் ராஜ்யத்தை ஏற்கமாட்டான்.

அதாவது மூலத்தில் கர்ணனின் தாம்பத்தியத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஒரே குலத்துப் பெண்கள், வீடு நிறையப் பேரப்பிள்ளைகள். அவன் ரகசியத்தை மறைப்பதற்கான வலுவில் அந்த வீடும் ஒரு பங்கு.

ஸ்திரீ பருவத்தில் அந்தப் பெண்களில் ஒருத்தியை மறுபடி பார்க்கிறோம். விருஷசேனனின் தாய், களத்தில் கர்ணனின் உடல்மேல் விழுந்து அழுகிறாள். காந்தாரி அதைக் கிருஷ்ணனுக்குக் காட்டுகிறாள். இன்னும் குந்தி வாய் திறக்கவில்லை. கங்கைக் கரையில் நீர்க்கடன் செய்யும்போதுதான், அவனுக்கும் நீர் விடுங்கள், உங்கள் அண்ணன் அவன் என்கிறாள். தருமன் இடிந்துபோய், கர்ணனின் மனைவியரை அழைத்துவரச் செய்து அவர்களோடு சேர்ந்து அவனுக்கு நீர் இறைக்கிறான். தேரோட்டி மகன் என்றே நினைத்து வாழ்ந்து, தேரோட்டி மகன் என்றே நினைத்து அழுது முடித்த பெண்களுக்கு அங்கே உண்மை வந்து சேர்கிறது. சாவுக்குப் பிறகு.

கூத்து செய்திருப்பது ஒரே ஒரு மாற்றம். மனைவியின் அறிதலைச் சாவுக்குப் பின்னாலிருந்து சாவுக்கு முன்னால் தூக்கி வைத்துவிட்டது. மீதி எல்லாம் இதிலிருந்து பிறக்கிறது. முன்னால் அறிய வேண்டுமென்றால் அறியாதிருந்த காலம் ஒன்று வேண்டும், அந்த அறியாமை வலிக்க வேண்டும். எனவே அவள் சூத குலத்தவளாக இருக்க முடியாது, ராஜகுமாரியாக வேண்டும். அவளுக்கு ஒரு பெயரும் தேவைப்பட்டது.

இந்த மாற்றம் எப்போது நடந்தது என்று தேதி குறிக்க முடியாது. பாரதம் நம் பக்கத்தில் மிகப் பழைய விருந்தாளி. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவர வர்மனின் கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று பங்கு ஒதுக்குகிறது. 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா, கிடைத்திருக்கும் அளவில், கர்ணன் சாகிற இடத்தை எட்டவில்லை. வில்லிபுத்தூரார் இந்தப் பிரதேசத்துக்குப் பக்கத்துவீட்டுக்காரர், திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பிரசங்கியார் பாடி விளக்குவது அவருடைய பாரதத்தைத்தான். வில்லியில் கர்ணனின் கடைசி நேரம் கிருஷ்ணனுக்கும் தாய்க்கும் உரியது: அந்தணனாக வந்து புண்ணியத்தையெல்லாம் தாரை வார்த்து வாங்கிக்கொள்கிறான் ஒருவன், மடியில் போட்டு அழுகிறாள் ஒருத்தி. பகலில் பந்தலில் தாயின் மடி, இரவில் களரியில் அதற்கு முன்னே மனைவியின் வாசல். ஒரே திருவிழாவில், ஒரே ஜனங்கள் இரண்டையும் கேட்கிறார்கள்.

'கர்ண மோட்சம்' புகழேந்திப் புலவர் பெயரில் வழங்குகிறது. அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் அவர் பெயரில்தான் அச்சாகியிருக்கின்றன. நளவெண்பா பாடியவர் இதையெல்லாம் பாடினார் என்று யாரும் நம்பத் தேவையில்லை. பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்றவர்கள் போட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் சந்தையில் விற்று, கிராமத்து வாத்தியார்களின் கைக்குப் போய், அவர்களுடைய நோட்டுகளில் வளர்ந்தும் தேய்ந்தும் வந்திருக்கின்றன. ஹன்னே டி ப்ரூயின் 1998-ல் புதுச்சேரியில் இந்தக் கூத்தை மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். நம் வட்டத்தில் இதைப் படித்தவர்கள் சொற்பம். புரிசை நடேசத் தம்பிரானையும் கண்ணப்பத் தம்பிரானையும் நாம் கண்டுகொண்டது, 1977-ல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் புண்ணியத்தில். ஆனால் அதற்குப் பிறகும் கூத்தைப் பற்றிய நம் பேச்சு அடவு, கிரீடம், உடல்மொழி என்று வடிவத்திலேயே நின்றுவிட்டது. கூத்து என்ன சொல்கிறது என்று கேட்பது ஏதோ பாமரத்தனம் என்ற நினைப்பு நமக்கு.

ஏன் இந்த மாற்றம்? என் ஊகத்தைச் சொல்கிறேன். இந்தக் கூத்தின் பெரிய ஆதரவாளர்கள் வடதமிழ்நாட்டின் உழவுச் சமூகங்கள், முக்கியமாக வன்னியர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஜனத்தொகைக் கணக்கில் தங்களைச் சத்திரியர் என்று பதியவேண்டும் என்று சர்க்காருக்கு மனு எழுதியவர்கள். அக்கினியில் பிறந்த குலம் என்று சொல்லிக்கொள்பவர்கள், அக்கினியில் பிறந்த அம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஊரார் தாழ்த்தி மதித்த ஒருவன், உண்மையில் சத்திரியன் என்று தெரிந்தவுடன் இழிவாகப் பேசிய வாயே தழுதழுக்கிற கட்டம் இவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும்? அது அவர்கள் எழுதிய மனுவுக்குக் கிடைக்காத பதில். கூத்து இதற்காகவே இயற்றப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஏற்கனவே இருந்த ஒரு கட்டம் இந்த ஜனங்களின் கையில் ஏன் இத்தனை நீளமாக, இத்தனை ஆசையோடு வளர்ந்தது என்பதற்கு இது ஒரு காரணம் என்கிறேன். அதே களரியின் ஓரத்தில், ஊருக்கு வெளியே இருந்து வந்து தள்ளி நின்று பார்க்கிறவர்களும் எப்போதும் இருந்தார்கள். கர்ணனுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு குந்தி இருந்தாள். அவர்கள் வீட்டுக் கதவைத் திறக்க எந்த ரகசியமும் இல்லை. பொன்னுருவி அழும்போது அவர்களும் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

இங்கேதான் கேள்வி கர்ணன் பக்கம் திரும்புகிறது. கிருஷ்ணனிடம், ராஜ்யத்துக்காகவும் வெளியிடமாட்டேன் என்று மறைத்த ரகசியம். ராதையின் பாலுக்குச் செய்த மரியாதை அது. அதை ஒரு பெண் முகம் கொடுத்துப் பேசவேண்டும் என்பதற்காக உடைத்துவிடுகிறான். தேரோட்டி மகனாகவே நேசிக்கப்படுவதற்கு இனி நேரமில்லை, நாளை சாவு, இன்று யாராகவாவது நேசிக்கப்பட்டால் போதும் என்று இறங்கிவிட்டான். முன்பு ஒருமுறை பிராமணன் என்று சொல்லிப் பரசுராமரிடம் வித்தை வாங்கினான். வண்டு தொடையைத் துளைத்ததைப் பொறுத்துக்கொண்டதால் பிராமணனில்லை என்று தெரிந்தது, பிரியமாக மடியில் தலைவைத்துப் படுத்திருந்தவர் எழுந்து சாபம் கொடுத்தார். அன்று குலம் வெளிப்பட்டதால் பிரியம் போயிற்று, இன்று குலம் வெளிப்பட்டதால் பிரியம் வருகிறது. இரண்டிலும் அவன் யாரோ ஒருவர்தான்.

கர்ணனைச் சுற்றி இருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். குந்தி மறைத்தாள். ரகசியத்தைக் கிருஷ்ணன் பேரத்துக்குப் பயன்படுத்தினான். துரியோதனன் அங்க தேசத்தைக் கொடுத்தது, அர்ஜுனனுக்குச் சமமான வில்லாளி ஒருவனைக் கண்ட அதே நாளில். நட்பு உண்மை என்றே வைத்துக்கொள்வோம், தேவையும் உண்மை. மனசில் உள்ளதை முகத்துக்கு நேரே சொன்னவள் பொன்னுருவி ஒருத்திதான். எந்த நிபந்தனையின் பேரில் நேசிப்பேன் என்பதை மறைக்காமல் சொன்னாள், நிபந்தனை நிறைவேறியதும் நேசித்தாள். அவளைப் போலி என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. அந்த நிபந்தனை கேவலமானது என்பது வேறு விஷயம். அது அவள் கண்டுபிடித்ததும் அல்ல.

சினிமா இந்தச் சங்கடத்தைத் துடைத்துவிட்டது. 1964-ல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் மனைவிக்கு சுபாங்கி என்று பெயர். தேவிகா. அவள் முதலிலிருந்து அவனைக் கொண்டாடுகிறாள், குலம் பேசி அவமானப்படுத்துகிற வேலையை அவள் தகப்பனிடம் விட்டுவிட்டார்கள். அழகான பாட்டுகள். 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோதும் கூட்டம் போயிற்று. பொன்னுருவி படமாகியிருந்தால் இவ்வளவு பேர் இத்தனை வருஷம் கொண்டாடியிருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. 'கர்ண மோட்சம்' திருவிழாவில் மட்டும் ஆடப்படுவதில்லை. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில், கரும காரியத்து இரவில், இறந்தவருக்கு நல்ல கதி கிடைக்கட்டும் என்று வைக்கிற கூத்து இது. நீர் விடும் உரிமை யாருக்கு என்பது இந்த மண்ணில் சாதாரணக் கேள்வி இல்லை. 1342-ஐ ஒட்டி மதுரை சுல்தானிடம் பிடிபட்டுக் கொல்லப்பட்ட ஹொய்சள அரசன் வல்லாளனுக்கு, பிள்ளை இல்லாதவன் என்ற ஐதீகத்தின்படி, அண்ணாமலையாரே மகனாக நின்று ஒவ்வொரு மாசி மகத்தன்றும் பள்ளிகொண்டாப்பட்டில் திதி கொடுக்கிறார். ஊர் இன்றும் அதைச் செய்கிறது. சாவுக்குப் பிறகாவது சொந்தம் ஒன்று நிரூபிக்கப்பட வேண்டியிருக்கிறது.

என் பெரியப்பா 1983-ல் இறந்தார். திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டம். பெரியம்மா நிலபுலன் உள்ள வீட்டிலிருந்து வந்தவள். ஒரே ஜாதிதான், ஆனால் வகையறா தாழ்ச்சி என்று அவள் வீட்டார் கடைசிவரை எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. பெரியம்மா நாற்பது வருஷம் சமைத்துப் போட்டாள். பெரியப்பா சாப்பிடும்போது எதிரே நின்று நான் பார்த்ததில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விடுவாள். அவர் பெயரை அவள் வாயால் கேட்டவர் யாருமில்லை. புருஷன் பெயரைச் சொல்லாதது எல்லாப் பெண்களுக்கும் வழக்கம், மரியாதை. அவள் சொல்லாதது மரியாதையா இளக்காரமா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நாங்கள் எங்களுக்குள் ஒரு தீர்மானம் வைத்திருந்தோம்.

காரியத்து இரவு கூத்து. பொன்னுருவி வேஷம் கட்டியவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், அரிதாரத்துக்குக் கீழே மழித்த தாடை பச்சையாகத் தெரிந்தது. கூத்தில் கதவு ஏது? இவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அதுதான் கதவு. கர்ணன் வேஷக்காரர் பிறப்பைச் சொல்லி முடித்ததும் இவர் உடனே திரும்பவில்லை. பின்பாட்டுக்காரர் ஒரு சுற்று பாடி முடித்து, முகவீணை நின்று, தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தபோதும் முதுகோடேயே நின்றார். பிறகு திரும்பினார். நான் பிற்பாடு எத்தனையோ பேர் ஆடிப் பார்த்துவிட்டேன், எல்லாரும் சட்டென்று திரும்பிக் காலில் விழுகிறார்கள். அந்த இரவில் அவர் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் வேறு யாரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

சொப்பனத்தைச் சொல்லி அழும் பாட்டு தொடங்கியபோது, தெருத்திண்ணையில் மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா எழுந்தாள். வெள்ளைப் புடவை. உள்ளே போகப்போகிறாள் என்று நினைத்தேன். களரிக்குள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கட்டியக்காரனிடம் நீட்டினாள். அன்பளிப்பு கொடுத்தால் யார் பெயரில் என்று கேட்டுக் கூவுவது வழக்கம். அவன் குனிந்து கேட்டான். அவள் சொன்னாள். முகவீணை பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது, பெரியப்பாவின் பெயர்.

கட்டியக்காரன் அதைத் தப்பாகக் காதில் வாங்கிக்கொண்டு வேறு ஏதோ பெயரைக் கூவினான். சில பேர் சிரித்தார்கள். பெரியம்மா நகரவில்லை. அங்கேயே நின்று, இப்போது ஊருக்கே கேட்கும்படி, சரியான பெயரைச் சொன்னாள். அவன் திருத்திக் கூவினான். தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லச் சொன்னாள். அதையும் சொன்னான். அதன் பிறகு திண்ணைக்குப் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பொன்னுருவி, விட்ட அடியிலிருந்து பாட்டை மறுபடி எடுத்தார்.